1992 ஷத்தோ தீக்கெம் பாட்டில்: வாங்கலாமா?

நித்யா_லியோன்

வணக்கம். என் தங்கைக்கு அக்டோபரில் கல்யாணம். அவள் பிறந்தது 1992-ல். பிறந்த வருஷத்து ஒயினைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. அவளுக்கு இனிப்பு ஒயின் என்றால் உயிர். அதனால் பிரான்சின் சோத்தேர்ன் பகுதியில் செய்யும் ஷத்தோ தீக்கெம் என்ற இனிப்பு ஒயினில் அரைப் பாட்டிலாவது வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பணம் சேர்த்தேன். ஏறி இறங்கிய கடைகளில் 1992 இல்லை. இப்போது இணைய விளம்பரத்தில் ஒருவர் முழுப் பாட்டிலே இருக்கிறது என்கிறார், முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

புதுவை_பொர்தோ

அனுப்பாதீர்கள். 1992-ல் ஈக்கெம் (தீக்கெமைச் சுருக்கமாக இப்படித்தான் சொல்வோம்) கிடையாது. அந்தப் பெயரில் அந்த வருஷம் ஒரு பாட்டில்கூட வெளியே வரவில்லை.

நான் புதுச்சேரிக்காரன். பிரான்சின் பொர்தோ நகர உணவகங்களில் இருபது வருஷமாக ஒயின் பரிமாறுகிறேன். வந்த புதிதில் சோத்தேர்னில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் இரண்டு அறுவடைக்குப் போனேன். வேலை செய்யும் இடத்திலிருந்து நிமிர்ந்தால் மேட்டின் மேல் ஈக்கெம் தோட்டம் தெரியும்.

சிரோன் என்ற சிற்றாறு அந்தப் பக்கம்தான் கரோன் ஆற்றில் கலக்கிறது. சிரோன் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், கரோன் அப்படியில்லை. இரண்டும் சேர்வதால் இலையுதிர்கால விடியற்காலையில் மூடுபனி கிளம்பும். அந்த ஈரத்தில் திராட்சைமேல் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் பிடிக்கும். மத்தியான வெயில் பழத்தை உலர்த்தும். பூஞ்சணம் தோலைத் துளைத்துவிட்டதால் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றி, இனிப்பு இறுகிக்கொண்டே போகும்.

ஒரே கொத்தில் ஒரு பழம் பொன்னிறமாக உருண்டு நிற்கும். ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்தது ஊதாவும் பழுப்புமாகச் சுருங்கி, சாம்பல் பூசியதுபோல் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். அதை மட்டும் கத்தரித்துவிட்டு மற்றதைக் கொடியிலேயே விட வேண்டும். விரலெல்லாம் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுக்கும். சில நாள் கழித்து அதே வரிசைக்குத் திரும்ப வருவோம். ஈக்கெமில் இப்படி ஐந்தாறு சுற்று போவார்கள். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பது சும்மா பெருமைக்குச் சொல்வதில்லை.

வெயில் வர வேண்டிய நாட்களில் மழை பிடித்துக்கொண்டால் வெறும் அழுகல்தான் மிஞ்சும். தேறாத வருஷத்துக்கு ஈக்கெம்காரர்கள் தங்கள் பெயரைப் போடுவதில்லை. 1972, 1974, 1992, 2012 எல்லாம் அப்படி விடுபட்டவை.

பொர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் சோத்தேர்னில் மற்ற எல்லோருக்கும் மேலே தனி இடம் கிடைத்த ஒரே தோட்டம் இது. 2011-ல் லண்டனில் 1811-ஆம் வருஷத்து ஈக்கெம் ஒன்று 75,000 பவுண்டுக்கு விலைபோனது. இருநூறு வருஷப் பழசை நம்பி ஒருவர் இவ்வளவு கொடுக்கிறார். அந்த இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் காலத்தைத் தாங்கும் என்பது ஒரு காரணம். பிடிக்காத வருஷத்தை வெளியே விடமாட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது.

செல்வி_துலூஸ்

அவர் சொல்வது சரி. அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தளத்தில் புகார் கொடுத்துவிடுங்கள், வேறு யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

1992-தான் வேண்டும் என்றால் போர்ச்சுகல் பக்கம் பாருங்கள். டெய்லர், ஃபொன்சேகா என்ற இரண்டு ஒயின் நிறுவனங்களும் அந்த வருஷத்தை வின்டேஜ் போர்ட்டாக (ஒரே வருஷத்து அறுவடையில் செய்த போர்ட் ஒயினாக) அறிவித்தன. அதுவும் இனிப்புதான், நிறம் மட்டும் சிவப்பு. விலையும் உங்கள் கைக்குள் வரும்.

நித்யா_லியோன்

அண்ணா, ரொம்ப நன்றி. 1992-ல் ஈக்கெமே இல்லையாமே என்று அந்த விளம்பரக்காரருக்கு எழுதினேன். பதில் வரவில்லை, விளம்பரத்தையும் காணோம். செல்வி அக்கா, போர்ட் நல்ல யோசனை. ஆனால் ஈக்கெம் ஆசை விடவில்லை. நான் பிறந்தது 1988. அந்த வருஷம் இருக்கிறதா?

புதுவை_பொர்தோ

இருக்கிறது, அருமையாகவும் இருக்கிறது. 1988, 1989, 1990 மூன்றும் சோத்தேர்னுக்கு வரிசையாக வாய்த்த வருஷங்கள். அக்கா பிறந்த வருஷத்தைத் தங்கைக்குக் கொடுங்கள், அதைவிட என்ன வேண்டும்? பெயர் பெற்ற கடையிலோ ஏலத்திலோ ரசீதோடு வாங்குங்கள். இதுவரை எங்கே வைத்திருந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒயின் கழுத்துவரை நிற்கிறதா என்று பாருங்கள். திறக்கும்போது கார்க்கில் வருஷம் அச்சிட்டிருக்கும், அதையும் தங்கையிடம் கொடுங்கள்.

அக்டோபர் வரை குளிர்ச்சியான இருட்டில் படுக்கவையுங்கள். திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்திவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் போதும், ஐஸ் போட வேண்டாம். பக்கத்தில் ரோக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சணச் சீஸ் ஒரு துண்டு. ஆளுக்கு 40 மில்லி ஊற்றினால் அரைப் பாட்டில் ஒன்பது பேருக்கு வரும்.