மார் கெடுத்தாரா, மார்க்சியம் கெடுத்ததா?

வைகைக்கரை: சோவியத் ஒன்றியத்தில் நிகோலாய் மார் என்றொரு மொழியறிஞர். ஆர்மீனிய, ஜார்ஜிய ஆய்விலும் அனி நகர அகழாய்விலும் பேர் வாங்கியவர். 1920களில் தடம் மாறினார். உலக மொழிகள் எல்லாமே சல், பெர், யோன், ரோஷ் என்ற நாலு அசைகளிலிருந்து முளைத்தவை என்றார். அதோடு, மொழி ஒரு மேற்கட்டுமானம், அதாவது பொருளாதார அடித்தளத்தின்மேல் எழுந்து அதோடு மாறுவது, ஒவ்வொரு வர்க்கத்துக்கும் தனி மொழி என்றார். முதல் கூற்றை இரண்டாவதுதான் காப்பாற்றியது. மார்க்சிய முத்திரை விழுந்தபின் கேள்வி கேட்டவன் கட்சி எதிரி. மொழி ஆய்வில் அரசியல் நுழைந்தால் இதுதான் கதி.

சிவப்புமை: பாதிக் கதை ஐயா. அன்றைய ஐரோப்பிய மொழியியலில் மட்டும் அரசியல் இல்லையா? 'ஆரியம்' என்ற சொல்லை ஜெர்மனி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? இந்தோ-ஐரோப்பிய மொழிகளே உச்சி என்ற திமிரை மார் எதிர்த்தார். எழுத்தில்லாத எத்தனையோ சிறு மொழிகளுக்கு எழுத்து வந்ததும் அதே அரசியலால்தான்.

வைகைக்கரை: எதிர்த்தது சரி. பதிலுக்கு என்ன வைத்தார்? தமிழில் பால், பல், பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. சொல்முதல் ப அங்கே வரிசையாக ஹ ஆகிறது. எங்காவது வரிசை தப்பினால் காரணம் சொல்லியாக வேண்டும், ஒப்பியல் ஆய்வுக்கு அதுதான் கடிவாளம். மாருக்குக் கடிவாளமே கிடையாது. சல் என்பது தல் ஆகலாம், கல் ஆகலாம். அப்படிப் பார்த்தால் எந்த மொழியின் எந்தச் சொல்லையும் நாலில் ஒன்றில் அடைத்துவிடலாம். யார் தவறென்று காட்டுவது?

நெய்தல்: இருவரும் மொழியறிஞர் பொலிவானோவை விட்டுவிட்டீர்களே. அவரும் போல்ஷெவிக் புரட்சியில் நின்றவர்தான். 1929இல் மாஸ்கோ கம்யூனிஸ்ட் கழகத்தில் எழுந்து மாரின் கோட்பாட்டை நேருக்கு நேர் மறுத்தார். அதன்பின் அங்கே அவருக்கு இடமில்லை. மத்திய ஆசியாவுக்குப் போனார். 1937இல் கைது, 1938 ஜனவரியில் சுட்டுக்கொன்றார்கள். குற்றச்சாட்டு ஜப்பானுக்கு உளவு பார்த்தது. அப்போது மார் இறந்தே மூன்று ஆண்டு ஆகியிருந்தது, அந்தக் கொலையை அவர் கணக்கில் எழுத முடியாது.

சிவப்புமை: அதையே சொல்கிறேன். மறுத்தவரும் மார்க்சியர் என்றால் குற்றம் கொள்கையில் இல்லை, அதிகாரத்தில். 1950இல் ஸ்டாலினே கட்சி நாளேடு பிராவ்தாவில் எழுதினார்: மொழி மேற்கட்டுமானம் இல்லை, வர்க்க மொழி என்று ஒன்று இல்லை. திருத்திக்கொண்டார்களே.

வைகைக்கரை: நல்ல திருத்தம்! ஜார்ஜிய மொழியறிஞர் சிக்கோபாவா அதே ஆண்டு மே மாதம் பிராவ்தாவில் மாரைக் கிழித்தார், விவாதம் முடியவில்லை. ஜூனில் ஸ்டாலின் எழுதினார், முடிந்தது. வாதம் பெரிதா, ஆள் பெரிதா? அதே சூட்டில் ரஷ்ய இலக்கிய மொழிக்கு அடிப்படை கூர்ஸ்க்–ஓர்யோல் வட்டார வழக்கு என்றும் ஒரு போடு போட்டார். அதுவரை மாஸ்கோ வழக்கு என்றுதான் பாடம். உடனே கூர்ஸ்குக்குச் சான்று தேடக் கிளம்பிவிட்டார்கள் ஆய்வாளர்கள்.

நெய்தல்: அப்புறம் அந்த எழுத்துக் கணக்கு. காக்கசஸ் பகுதியின் அப்காசிய மொழிக்கு 1926இல் மார் வகுத்த லத்தீன் வழி எழுத்து வந்தது. புழங்கச் சிரமம் என்று 1928இல் அதை விட்டு வேறொரு லத்தீன் எழுத்து. 1938இல் ஜார்ஜிய எழுத்து. 1954இல் சிரிலிக், அதாவது ரஷ்ய எழுத்து. இதில் எது மொழிக்காகச் செய்தது, எது மேலிடத்துக்காகச் செய்தது?

சிவப்புமை: முதல் இரண்டும் மொழிக்காக. ஐம்பதுக்கு மேல் மெய்யொலி உள்ள மொழி அது. அதற்கு எழுத்து வகுக்க ஒருவர் உட்கார்ந்ததே புரட்சிக்குப் பிறகுதான்.

வைகைக்கரை: 1862இலேயே ஜாரின் படை அதிகாரி உஸ்லார் வகுத்துவிட்டார், அதுவும் சிரிலிக்கில்.

சிவப்புமை: ஜாரின் படை அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கவா போனது?