டெலி ரிஹாபிலிடேஷன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயும் இதயச் செயலிழப்பும் சேர்ந்தே உள்ளவர்கள் வீட்டில் இருந்தபடி, காணொளி அழைப்பில் இயன்முறை மருத்துவர் கண்காணிக்கப் பயிற்சி செய்து தேறுவதற்கான கையேடு இது. 'தொலை மறுவாழ்வு' என்று எழுதினால் குடிநோயர் மையம்தான் நினைவுக்கு வருகிறது. போதாததற்கு 2021-இல் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம்கள் என்று ஆகிவிட்டது. 'தொலைப் பயிற்சி' என்றே வைத்துக்கொள்ளலாமா?

---

வணக்கம் ஐயா.

எங்கள் இலங்கைப் பக்கம் 'புனர்வாழ்வு' என்பார்கள். போருக்குப் பிறகு அது முன்னாள் போராளிகளோடு ஒட்டிக்கொண்டது. நோயாளியிடம் சொல்லக் கூசும். 'பயிற்சி'யும் போதாது. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே தராசில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் உடலில் தேங்கும் நீர். அன்று பயிற்சி இல்லை, மருத்துவருக்குத் தகவல். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை 90 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால், முதலில் 15 கிராம் மாவுச்சத்து. பாதத்தில் புண், கொப்புளம் உண்டா என்று கேமராவில் காட்டச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் நடையே.

நாடித்துடிப்பை இலக்காக வைக்கிற கையேடுகளை நம்பாதீர்கள். இதய நோயாளிகளுக்குத் தரும் மெட்டோபிரொலால், கார்வெடிலால் போன்ற மருந்துகள் துடிப்பை அதிகம் ஏறவிடா. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று நோயாளியே 6 முதல் 20 வரை எண் சொல்லும் போர்க் (Borg) அளவுகோலில் 11 முதல் 13 வரை, அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் நிறுத்துவது மேல். அதே மருந்துகள் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். மறையாமல் மிஞ்சுகிற முக்கிய அடையாளம் வியர்வை. பயிற்சியில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால் குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் குத்திப் பார்க்கட்டும்.

'தொலைவழி உடல்மீட்பு' எப்படி?

---

அம்மா, 'கிணற்றில் இளைஞர் உடல் மீட்பு' என்று நாளிதழ் போடும் ஊர் இது! 'உடல்' வேண்டாம், 'மீட்பு' இருக்கட்டும். இங்கே மீள்வது செயல்திறன். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நடைபாதை தேவை, வீட்டில் ஏது? சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுகிறோம். எண்ணப்படுவது திறன்தானே. ஆகவே 'தொலைவழித் திறன்மீட்பு'. 'இணையவழி' என்றால் வெறும் தொலைபேசியில் நடப்பது விடுபடும்.

---

திறன் என்றதும் தையல், தட்டச்சு வகுப்பை நினைப்பார்களே?

---

தனித்து நின்றால் நினைப்பார்கள். 'இதயச் செயலிழப்பு' என்பதையும் மாற்றிவிடலாம். இதயம் நின்றேவிட்டது என்று வீட்டார் பதறுகிறார்கள். 'இதயத் திறன்குறைவு' என்று எழுதினால் இரண்டும் பொருந்தும்: இதயத் திறன்குறைவுக்கான தொலைவழித் திறன்மீட்பு.

---

சரி, தலைப்பில் இதையே போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் பழைய சொல்லையும் அடைப்புக்குறியில் தருகிறேன். மருத்துவமனைச் சீட்டில் 'இதயச் செயலிழப்பு' என்றுதான் இருக்கும்.