சோனி கேமரா: சொந்தச் சரக்கா, வாங்கிய வாழ்வா?

ஃபிலிம்_பிரியன்:
சோனியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுபவர்களுக்கு ஒரு கேள்வி. 2006-இல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலை விட்டபோது ஏ-மவுண்ட் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்), தொழில்நுட்பம் எல்லாம் சோனி கைக்குப் போயிற்று. அதே வருடம் சோனியின் ஆல்ஃபா 100 கேமரா வந்தது. மினோல்டா 1985-இல் கட்டிய வீட்டில் குடியேறிவிட்டு, வாசலில் தன் பெயரை மாட்டிக்கொண்டால் ஆயிற்றா?

சென்சார்_கிறுக்கன்:
அந்த மவுண்ட்டுக்கு அவ்வளவு மகிமை என்றால் மினோல்டாவே பிழைத்திருக்குமே! சோனியின் கதை 70-களில் தொடங்குகிறது. ஒளியை மின் சிக்னலாக மாற்றும் சென்சாரான சிசிடி பற்றிய ஆராய்ச்சியைப் பிடிவாதமாகத் தாங்கிப் பிடித்தவர் சோனியின் இவாமா கசுவோ. 1982-இல் அவர் இறந்த பிறகு கல்லறையிலேயே ஒரு சிசிடி சில்லைப் பதித்தார்கள். 2012-இல் எல்லாரும் வாயைப் பிளந்த நிக்கான் டி800, அதன் 36 மெகாபிக்சல் சென்சாரும் சோனி தயாரிப்புதான்.

கல்யாண_கேமரா:
சோனியின் வளர்ச்சிக்குச் சென்சார்தான் காரணம் என்றால் நிக்கானும் அதே உயரத்துக்குப் போயிருக்க வேண்டும், சார். டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடியைத் தூக்கி எறிந்த துணிச்சல்தான் விஷயம். 2013-இல் ஆல்ஃபா 7: முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), கண்ணாடி இல்லை, மவுண்ட்டும் ஏ-மவுண்ட் இல்லை.  கண்ணாடி போனதால் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ.தான். மிச்சமான இடத்தில் அடாப்டர் (வேறு மவுண்ட் லென்ஸை மாட்டும் இணைப்பு வளையம்) போட்டால் பெரும்பாலான பழைய லென்ஸ்களும் உட்காரும். 2015-இல் ஆல்ஃபா 7ஆர் 2 வந்ததும் கேனான் லென்ஸே ஆட்டோஃபோகஸோடு உருப்படியாக வேலை செய்தது. லென்ஸை விற்காமலேயே ஆட்கள் கட்சி மாறினார்கள். கேனானும் நிக்கானும் முழு ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு (கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) வந்தது 2018-இல். டிஎஸ்எல்ஆர் வியாபாரம் நன்றாக ஓடும்போது அதைத் தானே கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? சோனிக்கு இழக்க அதிகம் இல்லை.

ஃபிலிம்_பிரியன்:
சோனிக்கு இல்லை, சரி. சோனியை நம்பி மினோல்டா லென்ஸ் வைத்திருந்தவனுக்கு? ஏ-மவுண்ட்டை அம்போவென்று விட்டார்களே!

சென்சார்_கிறுக்கன்:
விடவில்லையே. ஏ-மவுண்ட் லென்ஸை மாட்ட எல்ஏ-ஈஏ4 அடாப்டர் ஆல்ஃபா 7 கூடவே வந்ததே.

ஃபிலிம்_பிரியன்:
அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி! ஃபோகஸ் புள்ளி 15, எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கும். கண்ணாடி இல்லாத எல்ஏ-ஈஏ5 வர 2020 ஆயிற்று. அதுவும் சொந்த மோட்டார் இல்லாமல் திருகால் ஓட்டப்படும் பழைய லென்ஸ் என்றால் அப்போது ஆல்ஃபா 7ஆர் 4, ஆல்ஃபா 6600 இரண்டு கேமராக்களில் மட்டும்தான் ஆட்டோஃபோகஸ்.

கல்யாண_கேமரா:
அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் ஏ-மவுண்ட்டையே கட்டிக்கொண்டு அழுதிருந்தால் சோனி இன்று மூன்றாம் இடத்தில்தான் இருந்திருக்கும், அண்ணே.