ஃபேஸ்புக் குழுவில் வேறொருவர் போட்ட கமென்டுக்கு எனக்கு அவதூறு நோட்டீஸ்: ஆஸ்திரேலியாவில் பேச்சுரிமை கைகொடுக்குமா?

குழு_அட்மின்_சிட்னி:

வணக்கம். மேற்கு சிட்னியில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு ஃபேஸ்புக் குழு நடத்துகிறேன். வாடகை வீடு, டியூஷன், பொங்கல் சாமான் எங்கே மலிவு என்று இந்த மாதிரி விஷயங்கள்தான் ஓடும். போன மாதம் ஒருவர் வளைகாப்புக்கு நல்ல கேட்டரிங் சொல்லுங்கள் என்று கேட்டார். கீழே ஒரு உறுப்பினர், ஒரு கேட்டரிங்காரரின் பெயரைப் போட்டு, "அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு முந்தின நாள் மிச்சத்தைச் சூடு பண்ணிக் கொடுப்பார், ஏமாற்றுப் பேர்வழி" என்று எழுதிவிட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இந்த வாரம் கேட்டரிங்காரரின் வக்கீலிடமிருந்து எனக்கு மின்னஞ்சல். மேலே 'கன்சர்ன்ஸ் நோட்டீஸ்' (அவதூறு வழக்குப் போடுவதற்கு முன் அனுப்புகிற நோட்டீஸாம்) என்று போட்டிருக்கிறது. கமென்டின் ஸ்கிரீன்ஷாட், லிங்க், அதைப் படிப்பவருக்கு என்னென்ன கெட்ட அர்த்தம் தோன்றும் என்று அ, ஆ, இ போட்டு ஒரு பட்டியல், எந்தெந்த விசேஷ ஆர்டர் கைவிட்டுப் போனது என்று ஒரு பத்தி. கமென்டை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்காரர் "அரசியலமைப்பிலேயே பேச்சுரிமை இருக்கு, பேசாம இரு" என்கிறார். ஆபீஸில் ஒருவர், உயர் நீதிமன்றமே அரசியல் கருத்துப் பரிமாற்றச் சுதந்திரம் என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டிப் பதில் எழுது என்கிறார். கமென்டை எடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று இன்னும் கை வைக்கவில்லை. எழுதியது நானில்லையே, எனக்கு எதற்கு நோட்டீஸ்?

சுருக்கமா_சொல்றேன்:

அக்கா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு முதலில் கமென்டை எடுங்கள். சட்டம் அப்புறம் பேசலாம்.

பரமாட்டா_வக்கீல்:

மேலே சொன்னவர் சொன்னதுதான் சரி. நான் இங்கே வக்கீல், ஆனால் உங்கள் வக்கீல் இல்லை; பொதுவாகச் சொல்கிறேன்.

'எழுதியது நானில்லை' என்ற வாதத்தை 2021 செப்டம்பரிலேயே உயர் நீதிமன்றம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. (இங்கே உயர் நீதிமன்றம்தான் கடைசிப் படி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.) டிலன் வோலர் வழக்கு. வட ஆட்புலத்துச் (நார்தர்ன் டெரிட்டரி) சிறார் காவல் இல்லத்தில் இருந்தவர். அவரைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகள் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட, பொதுஜனம் கீழே வந்து கண்டபடி எழுதியது. அவர் எழுதியவர்களை விட்டுவிட்டுப் பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டார். 'அந்தக் கமென்டுகள் எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்றார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. பக்கத்தைத் திறந்து, வந்து எழுதுங்கள் என்று இடம் கொடுத்தால் நீங்களும் வெளியீட்டாளர்தான் என்றார்கள். தீர்ப்பு வந்த அதே மாதம் சிஎன்என் தன் ஃபேஸ்புக் பக்கத்தை ஆஸ்திரேலியர்களுக்கு மூடிவிட்டது. பெரிய நிறுவனங்களோடு சேர்த்துக் கிளப், கோயில், பள்ளிப் பெற்றோர் குழு எல்லாவற்றின் அட்மின்களும் இந்தத் தீர்ப்புக்குள் வந்து விழுந்தார்கள்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல் அவதூறுச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு. இணையச் சேவையை நடத்துபவர் அல்லது நிர்வகிப்பவர், அதாவது உங்களைப் போன்றவர், புகார் சொல்ல எளிதான ஒரு வழி வைத்திருந்து, எழுத்தில் புகார் வந்த 7 நாளுக்குள் அந்தக் கமென்டை யாரும் பார்க்க முடியாதபடி செய்ய நியாயமான நடவடிக்கை எடுத்தால், அதுவே தற்காப்பு. உள்நோக்கத்தோடு நடந்துகொண்டால் மட்டும் அது போய்விடும். பேச்சுரிமையைத் தேடி நீங்கள் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இந்த 7 நாள்தான் கரைந்துகொண்டிருக்கிறது.

குழு_அட்மின்_சிட்னி:

ஐயோ. இதோ இப்போதே நீக்கிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஏழு நாளுக்குள்தான் இருக்கிறேன். குழுவின் முகப்பில் 'புகார் இருந்தால் இங்கே எழுதவும்' என்று என் மின்னஞ்சல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, அது போதுமா? நீக்கியதால் ஒப்புக்கொண்டதாக ஆகாதே?

பரமாட்டா_வக்கீல்:

மின்னஞ்சல் இருந்தது நல்லது. அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது 'அப்போது அது இல்லை' என்று சொல்லக்கூடும். நீக்கியது ஒப்புதல் ஆகாது. மன்னிப்புக் கேட்டாலும்கூட அது பொறுப்பை ஏற்றதாக ஆகாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் மன்னிப்பு வாசகத்தை நீங்களே எழுதி அனுப்ப வேண்டாம்.

சென்னை_வாசகன்:

எனக்கு ஒரு சந்தேகம். இந்தியாவில் அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவில் பேச்சுரிமை எழுத்திலேயே இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் அந்த நினைப்பில் சொல்லியிருப்பார். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு பிரிவே இல்லையா?

பரமாட்டா_வக்கீல்:

இல்லை தம்பி. 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயமே கிடையாது. பேச்சு, பத்திரிகை, எதுவும் இல்லை. தொண்ணூறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

1991இல் லேபர் அரசு, தேர்தல் காலத்தில் வானொலி, தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரமே கூடாது என்று சட்டம் போட்டது. பணம் அரசியலை வாங்கிவிடக் கூடாது என்ற நல்ல காரணம் சொன்னார்கள். அதற்குப் பதிலாக இலவச நேரம் தருவார்களாம். அந்த நேரத்தில் 90 சதவீதம் ஏற்கெனவே அவையில் இருக்கிற கட்சிகளுக்கு! தொலைக்காட்சி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1992 செப்டம்பர் 30 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தது. அரசியலமைப்பின் 7, 24ஆம் பிரிவுகள் உறுப்பினர்களை 'மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்கின்றன. அரசியலைப் பற்றித் தாராளமாகப் பேசிக்கொள்ள முடியாத மக்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்? ஆகவே அந்தச் சுதந்திரம் எழுதாமலே உள்ளுக்குள் இருக்கிறது என்றார்கள். அக்காவின் ஆபீஸ் நண்பர் சொன்ன சுதந்திரம் இதுதான்; எழுதாமல் உள்ளே இருப்பதால் 'உள்ளுறை சுதந்திரம்' என்பார்கள்.

ஆனால் இது உங்கள் கையில் தந்த கேடயம் இல்லை, சட்டம் இயற்றுபவரின் வயலைச் சுற்றிப் போட்ட வேலி. 1997இல் லாங்கே வழக்கில் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் டேவிட் லாங்கே, ஏபிசி தொலைக்காட்சி மேல் போட்ட அவதூறு வழக்கு அது. தனிமனிதருக்கு இது உரிமை எதையும் தரவில்லை, நாடாளுமன்றமும் அரசும் அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்த முடியாது, அவ்வளவுதான் என்று தீர்ந்தது.

இதை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவரும் உண்டு. குடிவரவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, பெயரை மறைத்து அந்தத் துறையின் கொள்கைகளைத் திட்டி 9,000க்கு மேல் ட்வீட் போட்ட ஊழியர் ஒருவர் வேலையை இழந்தார். உள்ளுறை சுதந்திரத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் வரை விஷயம் போனது. 2019இல் தோற்றார்.

அக்காவின் விஷயத்தில் இன்னும் எளிது. இது அரசியலோ அரசாங்கமோ இல்லை, வளைகாப்புச் சாப்பாடு. கிட்டவே வராது.

சட்டம்_படிக்கிறேன்:

இதே பாடத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன், இழையைத் திசைதிருப்புவதாக நினைக்காதீர்கள். வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாம் மத்திய அரசின் சட்டம். ஃபேஸ்புக்கில் நடந்த அவதூறு மட்டும் ஏன் மாநிலச் சட்டம்?

பரமாட்டா_வக்கீல்:

நல்ல கேள்வி, தேர்விலும் வரும். அரசியலமைப்பின் 51ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைப் பாருங்கள். மத்திய நாடாளுமன்றத்துக்குத் 'தபால், தந்தி, தொலைபேசி மற்றும் அவை போன்ற பிற சேவைகள்' பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம். எழுதியவர்கள் காலத்தில் வானொலி ஒலிபரப்பே கிடையாது. 'போன்ற பிற' என்ற அந்த வால்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

முதல் சோதனை 1935இல். உரிமம் வாங்காமல் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்ததாக ஒரு பெண் மேல் வழக்கு. (கேட்பதற்கே உரிமம் வேண்டிய காலம். அந்தக் கட்டணம் 1974இல்தான் ஒழிந்தது.) தொலைபேசியில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள், ரேடியோவில் ஒரு பக்கமாக மட்டும் வருகிறது, அது எப்படி 'போன்றது' ஆகும் என்று கேட்டார்கள். பெரும்பான்மை, தூரத்துக்குச் செய்தி கொண்டுபோகிற சேவைதானே, போதும் என்றது. நீதிபதி டிக்சன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் தனிப்பட்ட கருத்தில் வாதத்தில் வலு அவர் பக்கம்தான், ஆனால் நாட்டுக்கு வசதியாக இருந்தது மற்ற பக்கம். 1965இல் தொலைக்காட்சியும் உள்ளே வந்தது. இன்றைக்கு இணையப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் அந்தச் சில சொற்கள் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

இந்த உட்பிரிவும் உள்ளுறை சுதந்திரமும் நேருக்கு நேர் முட்டியது மோனிஸ் வழக்கில், 2013. ஆப்கானிஸ்தானில் இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்குத் தபாலில் மனத்தைப் புண்படுத்தும் கடிதங்கள் அனுப்பியவர். தபால் சேவையை அப்படிப் பயன்படுத்துவது குற்றம் என்ற சட்டம் செல்லுமா என்பதில் ஆறு நீதிபதிகள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். ஆண்கள் மூவரும் ஒரு பக்கம், பெண்கள் மூவரும் ஒரு பக்கம். சமமாகப் பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நின்றது, சட்டமும் பிழைத்தது.

அவதூறுக்கு வருகிறேன். 51ஆம் பிரிவின் பட்டியலில் அவதூறு இல்லை. பட்டியலில் இல்லாததெல்லாம் மாநிலங்களிடமே தங்கிவிட்டது.

பென்டில்ஹில்_பெரியவர்:

அந்தக் காலத்தில் இங்கே ஒரு சின்னப் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். 2006க்கு முன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆட்புலத்துக்கும் ஒவ்வோர் அவதூறுச் சட்டம். விக்டோரியாவில் எழுதினது உண்மையென்று காட்டினால் தப்பலாம். நியூ சவுத் வேல்ஸில் உண்மை மட்டும் காணாது, பொதுநலனும் இருக்க வேணும். குயின்ஸ்லாந்தில் உண்மையோடு பொது நன்மை. ஒரே பத்தி எல்லா மாநிலத்திலும் விற்கும், ஆனபடியால் ஆசிரியர் ஆகக் கடுமையான சட்டத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார். நல்ல செய்திகள் அப்பிடியே குப்பைக்குள் போனதும் உண்டு.

பிறகு மத்திய அரசு, நீங்கள் ஒத்துப்போகாவிட்டால் நாங்களே ஒரு தேசியச் சட்டம் போடுவம் என்று மிரட்டினது. மாநிலங்கள் இறங்கி வந்து 2005இல் ஒரே மாதிரியான சட்டத்துக்குச் சம்மதிச்சினம். இப்போ திருத்தங்களை ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு வேறுவேறு நேரத்தில் கொண்டுவருது, பழைய கதை திரும்பாமல் இருந்தால் சரி.

தங்கச்சி, வெளியூரில் இருந்து எழுதினால் தப்பலாம் என்று உங்கள் குழுவில் யாரும் நினைக்க வேண்டாம். 2002இலேயே கட்னிக் வழக்கில் தீர்ந்த விஷயம். அமெரிக்கப் பத்திரிகையின் இணையதளத்தில் வந்த கட்டுரைக்கு, விக்டோரியாவில் ஆட்கள் அதைத் தரவிறக்கி வாசித்தபடியால் விக்டோரியாவிலேயே வழக்குப் போடலாம் என்றார்கள்.

சட்டம்_படிக்கிறேன்:

நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஒரு வேளை அந்தக் கமென்ட் கேட்டரிங்காரரைப் பற்றி இல்லாமல், உள்ளூர் கவுன்சிலரைப் பற்றி இருந்திருந்தால்?

பரமாட்டா_வக்கீல்:

அப்போது லாங்கே தீர்ப்பின் இரண்டாம் பாதி வேலைக்கு வரும். அரசியல், அரசாங்கம் பற்றிய பேச்சுக்கு அவதூறுச் சட்டத்திலேயே விரிந்த ஒரு பாதுகாப்பு உண்டு, ஆனால் வெளியிட்டவர் நியாயமாக நடந்துகொண்டதைக் காட்ட வேண்டும்: உண்மை என்று நம்பக் காரணம் இருந்ததா, சரிபார்த்தாரா, எதிர்த்தரப்பைக் கேட்டாரா. பார்க்கவே பார்க்காத அட்மின் இதில் ஒன்றையும் காட்ட முடியாது. அவருக்கு அங்கேயும் 31ஏதான்.

குழு_அட்மின்_சிட்னி:

எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. இன்னும் இரண்டு விஷயம். அது சின்ன கம்பெனி, நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். கம்பெனி அவதூறு வழக்குப் போடக் கூடாது என்று எங்கோ படித்தேன். அப்புறம், எழுதிய உறுப்பினர் இன்று போன் பண்ணினார். "எல்லாம் உண்மை அக்கா, ரசீது, வாட்ஸாப் எல்லாம் இருக்கு, குழுவிலேயே போட்டு நாறடிக்கிறேன்" என்கிறார்.

பரமாட்டா_வக்கீல்:

பெரிய கம்பெனிதான் போட முடியாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற, வேறு கம்பெனியோடு சேர்ந்திராத கம்பெனி போடலாம். ஆனால் பெரும் பொருள் நஷ்டம் நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். கேட்டரிங்காரர் தன் சொந்தப் பெயரிலும் போடலாம், அவருக்கும் 'பெரும் பாதிப்பு' என்ற தடை உண்டு. 2021 திருத்தத்தில் வந்தது. சில்லறை வழக்குகள் அங்கேயே நின்றுவிடும். கைவிட்டுப் போன ஆர்டர்களை நோட்டீஸில் எழுதியிருப்பது இதற்காகத்தான், வக்கீல் தொழில் தெரிந்தவர். நோட்டீஸ் தெளிவாக இல்லையென்றால் விவரம் கேட்டு எழுதலாம். சமாதானமாகத் தீர்க்க முன்வருவதாக இருந்தால் நோட்டீஸ் வந்ததிலிருந்து 28 நாள் உண்டு. அதற்குள் ஒரு சமூகச் சட்ட மையத்திலோ அவதூறு வழக்குப் பார்க்கிற வக்கீலிடமோ நோட்டீஸைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'நீக்கிவிட்டேன், இன்ன தேதி, இன்ன நேரம்' என்று ஒரு வரி மட்டும் அந்த வக்கீலுக்கு இன்றே அனுப்பிவிடுங்கள், வேறு எதுவும் சேர்க்காமல்.

உறுப்பினரின் விலாசத்தையோ போன் நம்பரையோ அவர்கள் கேட்டால் நீங்களாகத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் அப்போது பார்க்கலாம். அந்த உத்தரவுக்கு முன் அவருடைய அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று புதிய திருத்தம் சொல்கிறது.

ரசீதைப் பொறுத்தவரை, உண்மை என்பது முழுத் தற்காப்புதான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அதைச் சொல்பவர். முந்தின நாள் மிச்சம் என்பதை ரசீது காட்டுமா? பணம் கட்டியதைத்தான் காட்டும். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தனக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவில் போட்டால் அது புதிய வெளியீடு, இந்தத் தடவை உங்களுக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. இன்றிரவே அவருடைய பதிவுகள் உங்கள் அனுமதி இல்லாமல் வராதபடி செட்டிங்கை மாற்றுங்கள்.