மகளுக்குக் கல்லூரி இடம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், அதனால் அறிவுசார் குறைபாடு. திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 60 சதவீதம். தனியாக பஸ் ஏறிப் போய் வருவாள். படிக்க நேரமாகும், எழுத ஆள் வேண்டும்.

மே மாதத்திலிருந்து மூன்று கலைக் கல்லூரிகள் ஏறி இறங்கிவிட்டோம். இரண்டில் விண்ணப்பமே தரவில்லை. மூன்றாவது அரசு உதவி பெறும் கல்லூரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 5% இடஒதுக்கீடு உண்டே என்று சட்ட நகலைக் காட்டினேன். “அது கை, கால், கண் பாதிப்புக்குத்தான்” என்றார்கள். அறிவுசார் குறைபாடும் அதில் அச்சாகியிருக்கிறது, படிக்கக்கூட இல்லை. அப்புறம் தொழிற்பயிற்சி மையத்தைக் காட்டினார்கள். அவளோ புதுப் பையில் நோட்டை அடுக்கி வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட பிள்ளையை வழக்கமான பட்ட வகுப்பிலேயே சேர்த்து, பாடத்துக்குத் துணையும் தரும் கல்லூரி தமிழ்நாட்டில் எது?