பிரஷர் நார்மல், ஆனாலும் டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஏன்?

மழைக்குருவி:
அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து செவ்வாய் இரவு அவசர ஆபரேஷன். சர்ஜிகல் ஐசியூவில் இன்று மூன்றாவது நாள். மானிட்டரில் பிரஷர் 118/70, எனக்கு அதுவே நிம்மதி. ஆனால் டாக்டர் வந்தால் அப்பாவின் விரலை அழுத்திவிட்டு வாய்க்குள் எண்ணுகிறார், போர்வையை விலக்கி முழங்காலைப் பார்க்கிறார், "ரத்தம் இன்னும் சரியா போய்ச் சேரலை" என்கிறார். பிரஷர் இருந்தால் ரத்தம் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? போதாக்குறைக்கு, பிஐ 0.6 என்று ஓர் எண் ஓடுகிறது. அதைக் கூகுளில் தேடிவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை.

நைட்டுடியூட்டி:
நான் ஐசியூ நர்ஸ். கட்டில் பக்கத்தில் சிரிஞ்ச் பம்ப்பில் நார்அட்ரினலின் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அந்த 118 முழுக்க அப்பாவுடையது இல்லை, மருந்துக்கும் அதில் பங்குண்டு. ரத்தக் குழாயை இறுக்கித்தான் அது பிரஷரை ஏற்றுகிறது. தெருக்குழாயில் வேகமாக வரும் தண்ணீர் மாடிக்கு ஏறாத கதைதான். உடம்புக்கு நெருக்கடி வந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் தோலைத்தான் பட்டினி போடும், அதனால்தான் தோலைப் பார்க்கிறோம். விரல் நுனி வெளுக்கும்படி 10 விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். முழங்காலில் வலை பின்னினது மாதிரி ஊதாத் திட்டு வந்து தொடைப்பக்கம் ஏறினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். நம்ம நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது, நான் டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன்.

மயக்கமருந்துக்காரன்:
அக்கா சொன்னது சரி. பிஐ (பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ்) என்பது விரல் கிளிப் வழியாகப் போகும் ஒளியில் துடிப்போடு மாறுகிற பங்குக்கும் மாறாத பங்குக்கும் உள்ள விகிதம், 0.02-லிருந்து 20 வரை போகும். 1.4-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்று 2002-ல் ஓர் ஆய்வு சொன்னது, நீங்கள் கூகுளில் பார்த்துப் பயந்தது அநேகமாக அதுதான். ஆனால் கை சில்லென்று இருந்தாலே அது விழும், ஏசிக்கு நேரே படுத்திருந்தாலும் விழும், நார்அட்ரினலினும் அதை இறக்கும். ஒரு தடவை பார்த்த 0.6-ஐ வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்பதுதான் விஷயம்.

விரலை அழுத்துவது பழைய காலத்து வேலை என்று நினைக்க வேண்டாம். 2019-ல் லத்தீன் அமெரிக்காவின் 5 நாடுகளில், கிருமித்தொற்றால் ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில், இருந்த 424 பேரில் பாதிப் பேருக்கு விரலைப் பார்த்தும் மீதிப் பேருக்கு ரத்தத்தில் லாக்டேட்டை (ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் ஒரு பொருள்) பார்த்தும் சிகிச்சை கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 34.9%, இரண்டாவதில் 43.4%. புள்ளியியல் கணக்குப்படி வித்தியாசம் உறுதியாகவில்லை, ஆனாலும் காசில்லாத ஒரு சோதனை ரத்தப் பரிசோதனைக்குச் சளைக்கவில்லையே!

கண்ணாடிக்குடுவை:
லாக்டேட்டை மட்டம் தட்டாதீர்கள் சார். குடல் கேஸில் அது ஏறினால் குடலுக்கே ரத்தம் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும், விரல் அதைச் சொல்லாது.

மயக்கமருந்துக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் வேண்டும். ஆனால் கல்லீரல் சரியில்லை என்றாலோ அட்ரினலின் ஓடினாலோ, ரத்த ஓட்டம் சரியான பிறகும் லாக்டேட் மெதுவாகத்தான் இறங்கும், தோல் சீக்கிரம் திரும்பிவிடும். மழைக்குருவி, "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்டால் "ஸ்டேபிள்" என்றுதான் பதில் வரும். பம்ப் அளவு நேற்றைவிடக் குறைந்ததா, லாக்டேட் இறங்குகிறதா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கிலோவுக்கு அரை மில்லியாவது வர வேண்டும்.

மழைக்குருவி:
கேட்டேன். நார்அட்ரினலின் நேற்று 8-ல் ஓடியது, இன்று 3. லாக்டேட் 4.1-லிருந்து 2.6. சிறுநீர் போன மணி நேரம் 45 மில்லி, அப்பா 62 கிலோ. பிஐ இன்னும் 0.9-தான், ஆனால் பாதத்தைத் தொட்டேன், நேற்று மாதிரி ஐஸாக இல்லை.

நைட்டுடியூட்டி:
பாதம் சூடானால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். சாப்பிட்டீர்களா நீங்கள்?