கர்ப்ப காலத்தில் டிடி ஊசி: குழந்தைக்குப் பாதிப்பு உண்டா?

வினா:
என் மனைவிக்கு இது இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. சென்ற முறை ரணஜன்னியை (டெட்டனஸ்) தடுக்கும் டிடி ஊசி இரண்டு போட்டார்கள். கை வீங்கி இரண்டு நாள் வலித்ததால் இம்முறை தயங்குகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றே போதும் என்கிறார்கள். இது சரியா? வயிற்றுப் பிள்ளைக்கு ஏதேனும் ஆகுமா?

மறுமொழி 1:
சரிதான். முந்தைய கர்ப்பத்தில் இரு தவணையும் போட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றவர்களுக்கு ஊக்கத் தவணை ஒன்றே போதும். அதில் உயிருள்ள கிருமி கிடையாது. வீரியம் நீக்கப்பட்ட நச்சுப்பொருள் மட்டுமே இருப்பதால், ஊசியால் தாய்க்கோ சேய்க்கோ ரணஜன்னி வர வழியில்லை. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று, பிறந்த முதல் வாரங்களில் குழந்தையைக் காக்கிறது. கைவலி வழக்கமானதே, ஆனாலும் செவிலியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 2:
தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்துச் சாம்பல் வைத்த காலத்தில், பிறந்து ஏழெட்டு நாளில் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் இறந்த பிள்ளைகளைப் பற்றி என் பாட்டி சொல்வார். பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது 2015இல்தான்.

மறுமொழி 3:
எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி), சின்னம்மை ஊசி போன்றவை கர்ப்ப காலத்தில் கூடாது. அவை உயிருள்ள கிருமியைக் கொண்டவை.